ஹெச்பி இருந்தும் டிராக்டர் ஏன் திணறுகிறது? எடையும் மண்ணும் போடும் கணக்கு

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு டிராக்டர்களைப் பின்பக்கமாகச் சங்கிலியால் பிணைத்து, எதிரெதிர் திசையில் இழுக்க விடுவார்கள். கரும்புகை, பஞ்சாபிப் பாட்டு, சுற்றிலும் விசிலடிக்கும் கூட்டம். பஞ்சாப், ஹரியாணா பக்கம் இதற்கு 'டோச்சன்' என்று பெயர். இரண்டுமே 50 ஹெச்பி வண்டிகளாக இருந்தாலும், ஒன்று இன்னொன்றைத் தரதரவென இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்த முறை தோற்கிற வண்டியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதன் இன்ஜின் நின்றுபோவதில்லை, உறுமிக்கொண்டேதான் இருக்கும். பின்டயர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணை வாரி இறைக்கும். இன்ஜினில் சக்தி இருக்கிறது, அது தரையில் இறங்கவில்லை. போட்டிக்கு வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் டயருக்குள் தண்ணீர் நிரப்பி, சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டி வண்டியின் எடையை ஏற்றுகிறார்கள்.

அப்போ எடை கூடக்கூட நல்லதுதானே? அதே வண்டியை அப்படியே கொண்டுபோய், நடவுக்குத் தண்ணீர் கட்டிய நெல் வயலில் இறக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் அச்சு வரை புதைந்து நிற்கும். அதை மீட்க இன்னொரு வண்டி வர வேண்டும். சில நேரம் அதுவும் பக்கத்திலேயே புதையும்.

'ஐடி கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதுக்கு இந்தக் கதை?' என்று நினைக்கலாம். ஆனால் ஊரிலிருந்து அப்பாவோ சித்தப்பாவோ "டிராக்டர் வாங்கலாம்னு இருக்கோம்பா, எது நல்லதுன்னு நெட்ல கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று கேட்கும் போன் உங்களுக்கு வந்திருக்கலாம், இனியும் வரலாம். இந்தியாவில் ஆண்டுக்குப் பல லட்சம் டிராக்டர்கள் விற்கின்றன. எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய சந்தை நம்முடையதுதான். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகு, 'இப்பவே வாங்கிடலாமா' என்ற பேச்சும் கூடியிருக்கிறது. பல லட்ச ரூபாய், பெரும்பாலும் கடன். தப்பாக வாங்கினால் வருடக்கணக்கில் டீசலாகவும் தவணையாகவும் கட்டித் தீர்க்க வேண்டும்.

நெட்டில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஹெச்பி. விளம்பரத்திலும் அதுதான், கடைக்காரர் சொல்வதும் அதுதான். எடை என்ற வரி, விவரப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது.

40 ஹெச்பி வயலுக்குப் போனால் 22 ஆவது எப்படி?

47 ஹெச்பி என்று விற்கப்படும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது இன்ஜினின் சக்தி. பின்பக்கம் ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டுக்கு, அதாவது பிடிஓவுக்கு, வந்து சேர்வது தோராயமாக 40 ஹெச்பி. சரி, கலப்பையை மண்ணில் இறக்கி இழுத்தால் அந்த 40-ல் எவ்வளவு மிஞ்சும்?

இதற்கு அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர்கள் சங்கத்தின் அட்டவணை ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ் வண்டி, பிடிஓ சக்தியில் கான்கிரீட் தரையில் 87 சதவீதத்தை இழுவையாக மாற்றும். இறுகிய வயலில் 72, ஏற்கெனவே உழுத மண்ணில் 67, பொதபொதவென்ற மண்ணில் 55 சதவீதம். நம் 40 ஹெச்பிக்கு இதைப் பொருத்தினால் கான்கிரீட்டில் 35, இறுகிய வயலில் 29, உழுத மண்ணில் 27, பொதபொத மண்ணில் 22. வண்டி ஒன்றுதான், டீசல் ஒன்றுதான், தரை மட்டும் மாறியிருக்கிறது. அதுவும் எடையும் வேகமும் பொருத்தமாக இருந்தால்தான் இந்த அளவாவது கிடைக்கும்.

மீதி 18 ஹெச்பி எங்கே போனது? ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வழுக்கல். டயர் 100 மீட்டர் போகும் அளவுக்குச் சுற்றி, வண்டி 85 மீட்டர்தான் நகர்ந்தது என்றால் 15 சதவீதம் வழுக்கல். அந்தச் சுற்றுக்கான டீசல் மண்ணைக் கிளறுவதில் போய்விட்டது. இன்னொன்று புதைதல். மெத்தையான மண்ணில் டயர் தானே ஒரு பள்ளத்தைப் போட்டுக்கொண்டு, அதிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. சமதரையிலும் எந்நேரமும் மேடேறுவது போல.

எடை குறைந்தால் வழுக்கல் கூடும். எடை கூடினால் புதைதல் கூடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அது மண்ணுக்கு மண் மாறும். வழுக்கல் பூஜ்யமாக இருந்தால்தான் நல்லது என்று நான் முதலில் நினைத்தேன். தப்பு. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் தேவையில்லாத எடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று அர்த்தம். இறுகிய வயலில் 8 முதல் 10 சதவீதமும், உழுத மண்ணில் 11 முதல் 13 சதவீதமும், மெத்தை மண்ணில் 14 முதல் 16 சதவீதமும் வழுக்கினால் கணக்கு சரி.

இந்த இடத்தில் ஹெச்பி விளம்பரத்தின் குட்டும் உடைகிறது. சக்தி என்பது இழுவையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 2 டன் எடையுள்ள டூ வீல் டிரைவ் வண்டி, உழுத மண்ணில் தோராயமாக 750 கிலோ இழுவை தரும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கேட்டால் டயர் சுற்றும். அந்த இழுவையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் உழுதால், செலவாகும் சக்தி வெறும் 14 ஹெச்பி. போனட்டுக்குள் 40 இருந்தாலும் 50 இருந்தாலும் அந்த வேகத்தில் தரைக்குப் போவது 14 மட்டும்தான். மிச்சத்தை எடுக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது எடையை. ஒரே உடம்பில் பெரிய இன்ஜினைப் போட்டு, கூடுதல் விலைக்கு விற்கும் மாடலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இடைச்செருகல். சந்தையில் 50 ஹெச்பிக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாடல்கள் நிறைய இருப்பதற்கு மண் காரணம் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து சுமார் 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்தது. அதைத் தாண்டினால் இன்ஜின் செலவு எகிறும். நீங்கள் பார்க்கும் 49 என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

மணல் ஒரு குணம், களிமண் இன்னொரு குணம்

எடையைக் கூட்டினால் பிடிமானம் கூடுமா என்பதற்கு மண்தான் பதில் சொல்லும். மண்ணின் பிடிப்பு இரண்டு வழியில் வருகிறது. துகளோடு துகள் உரசும் உராய்வு ஒன்று, துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும் பசை இன்னொன்று. காய்ந்த மணலை அள்ளிப் பாருங்கள், விரல் இடுக்கில் வழிந்துவிடும். அதில் பசையே இல்லை, எல்லாம் உராய்வு. ஈரக் களிமண்ணைப் பிடித்தால் உருண்டையாகும். அதில் பசை அதிகம், உராய்வு குறைவு.

உராய்வு எடையைப் பொறுத்தது. மேலே இருந்து எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பிடிப்பு. பசைக்கு எடை பொருட்டே இல்லை, எவ்வளவு பரப்பில் ஒட்டுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கூலும் வகுத்த விதி இது. பள்ளி இயற்பியலில் மின்னூட்டத்துக்குப் படித்தோமே, அதே கூலும்தான்.

இதை டிராக்டருக்குக் கொண்டுவந்தால் விஷயம் தெளிவாகும். ராஜஸ்தானின் மணல் பூமியில் எடை கூட்டினால் இழுவை கூடும். ஆனால் மணல் உள்வாங்கும் என்பதால் அந்த எடையை அகலமான பாதத்தில் வைக்க வேண்டும். அதற்கு எளிய வழி டயர் காற்றைக் குறைப்பது. உங்கள் கார் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ இருக்கும். டிராக்டரின் பின்டயரில் வயல் வேலைக்கு 12 முதல் 16 தான். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடும். (அதே காற்றோடு கரும்பு லோடு ஏற்றி ரோட்டில் போனால் டயர் வெடித்துப்போகும். ரோட்டுக்கு வரும்போது ஏற்ற வேண்டும்.)

ஈரக் களிமண்ணில் நிலைமை தலைகீழ். எடை கூட்டினால் பிடிப்பு பெரிதாகக் கூடாது, புதைவது மட்டும் கூடும். அங்கே தேவை பரப்பு.

விதர்பா, மராத்வாடாவின் கரிசலில் இந்த இரண்டு குணமும் ஒரே வயலில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கல் போல இறுகிக் கிடக்கும். அப்போது சட்டிக் கலப்பை இறக்கிக் கோடை உழவு ஓட்ட எடையுள்ள வண்டி வேண்டும். லேசான வண்டி மேலோட்டமாகச் சுரண்டிவிட்டுப் போகும். நல்ல மழை பெய்த மறுநாள் அதே மண் உப்பி, பசையாகி, டயர் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். பட்டன் மூடிய டயர் வழுவழுப்பான உருளை மாதிரிதான். அன்று எந்த எடையும் உதவாது. இரண்டு நாள் காத்திருப்பதுதான் வழி.

சேற்றில் டிராக்டர் எதன் மேல் நிற்கிறது?

காவிரி டெல்டாவோ கோதாவரி டெல்டாவோ, நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது மேல்மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே கலைக்கிறோம். தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கி நிற்க அது தேவை. அப்படிக் கலங்கிய சேற்றால் 2 டன்னைத் தாங்க முடியாது. உண்மையில் வண்டியைத் தாங்குவது, சேற்றுக்கு அடியில் பல வருட உழவில் இறுகிப்போன ஒரு தட்டு. டயர் சேற்றைத் துளைத்து அந்தத் தட்டில் நின்றுதான் நகர்கிறது. தட்டு ஆழத்தில் இருந்தாலோ, ஓரிடத்தில் உடைந்திருந்தாலோ வண்டி உட்கார்ந்துவிடும்.

இதற்குத்தான் கேஜ் வீல். டயருக்குப் பக்கத்திலோ டயருக்குப் பதிலாகவோ மாட்டும் அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம் பரப்பைக் கூட்டுகிறது, அதன் பட்டைகள் சேற்றைத் துடுப்பு மாதிரி தள்ளுகின்றன. மறக்கக்கூடாத இன்னொரு பாதி, எடையைக் குறைப்பது. வீல் வெயிட்டைக் கழற்ற வேண்டும், டயர்த் தண்ணீரை இறக்க வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கேரளத்தின் குட்டநாடு மாதிரி ஆழச் சேற்றுப் பூமியில் லேசான வண்டிக்குத்தான் மதிப்பு. ஆனால் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறாதீர்கள். ரோடு கொத்துக் கொத்தாகப் பெயரும், பல ஊர்களில் அபராதமும் உண்டு.

இதோடு சேர்த்து ரோட்டவேட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலப்பை வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ரோட்டவேட்டரின் கத்திகளோ வண்டி போகும் திசையிலேயே சுழல்வதால் அதை முன்னே தள்ளும். அதற்குத் தேவை பிடிஓ சக்தி, எடை அல்ல. உங்கள் வயலில் பாதிக்கு மேல் ரோட்டவேட்டர் வேலைதான் என்றால், கனமான வண்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

போர் வீல் டிரைவ்? பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன்பக்க எடை இழுவைக்கு உதவாமல் சும்மா உருண்டு வருகிறது. முன்சக்கரமும் இழுத்தால் அந்த எடையும் வேலை செய்யும். அதே அட்டவணைப்படி பொதபொத மண்ணில் 55 சதவீதம் 65 ஆகிறது. கான்கிரீட்டில் ஒரு சதவீதம்கூட மாறாது, இரண்டுக்கும் 87 தான். அதிக விலை கொடுப்பதற்கு நியாயம் ஈர வயலில் இருக்கிறது, ரோட்டில் இல்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்

2 டன் டூ வீல் டிரைவ் வண்டியில் தோராயமாக 1,300 கிலோ பின் அச்சிலும் 700 கிலோ முன் அச்சிலும் இருக்கும். கலப்பை இழுக்கும்போது முன் எடையில் கொஞ்சம் தானாகப் பின்னால் போகும். கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர், இழுவை 800 கிலோ என்றால் 200 கிலோ இடம் மாறுகிறது. இது நல்லது, பின்டயருக்கு இலவசப் பிடிமானம். ஆனால் கொக்கியை உயரத்தில் மாட்டினால் அதே இழுவை முன்பக்கத்தைத் தூக்கி, வண்டியை ஓட்டுநர் மேலேயே கவிழ்க்கும். ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும், குதிக்க நேரம் இருக்காது. நம் ஊர்களில் ஓடும் பல டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு கிடையாது. முன்பக்கம் தூக்காமல் இருக்க போனட்டில் ஆட்களை உட்கார வைக்கும் வீடியோக்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். கணக்குப்படி அவர்கள் செய்வது சரி, உயிருக்குத்தான் உத்தரவாதம் இல்லை. முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக் காட்டும் டிராக்டர் சாகசங்களை, ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகு 2023 அக்டோபரில் பஞ்சாப் அரசு தடை செய்தது.

இந்த முன்-பின் கணக்குக்கும் டெல்லியின் நவம்பர் புகைக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. நெல் தாளை எரிக்காமல் அப்படியே மண்ணில் கலந்து கோதுமை விதைக்கும் சூப்பர் சீடர், கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள கருவி. அதைப் பின்னால் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும். 900 கிலோ கருவி பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கினால், நம் 2 டன் வண்டியின் முன் அச்சில் 700 கிலோ 250 ஆகிவிடும். ஸ்டியரிங் கேட்க வேண்டுமானால் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 கிலோ, முன்னால் இருக்க வேண்டும். அதனால் 55 ஹெச்பிக்கு மேற்பட்ட, கனமான, முன்பக்க வெயிட் மாட்டிய வண்டி கேட்கிறது அந்தக் கருவி. 2018-லிருந்து மத்திய அரசு இத்தகைய கருவிகளுக்குத் தனி விவசாயிக்கு 50 சதவீதமும் குழுக்களுக்கு 80 சதவீதமும் மானியம் தந்தது. 40 ஹெச்பி வண்டி வைத்திருப்பவருக்குக் கருவி பாதி விலையில் கிடைத்து என்ன பயன், தூக்குவது யார்? 'விவசாயிகள் சொன்னால் கேட்பதில்லை' என்று டெல்லி ஸ்டுடியோக்களில் பேசும்போது இந்தக் கணக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

மண் என்ன ஆகிறது?

இழுவைக்கு உதவிய எடைக்கு மண் ஒரு விலை கொடுக்கிறது. மேல்மண்ணில் விழும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் உழவு மாட்டின் குளம்பு தரும் அழுத்தம் டிராக்டர் டயரைவிடக் குறைந்ததல்ல. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஒரு குளம்பின் பரப்பை நினைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. மாட்டின் அழுத்தம் மேலேயே கரைந்துவிடும். டிராக்டரின் அழுத்தம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை மொத்த அச்சு எடை தீர்மானிக்கிறது. கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகிய மண்ணை அடுத்த உழவு சரிசெய்யாது.

உலக அளவில் இது பெரிய கவலை. தானியம் நிரம்பிய அறுவடை இயந்திரத்தின் எடை 1958-ல் சுமார் 4 டன், 2020-ல் சுமார் 36 டன் என்கிறது 2022-ல் வெளியான ஓர் ஆய்வு. டைனோசர்களின் எடையை நெருங்கிவிட்டோம் என்பதே அதன் வாதம். நம் டிராக்டர்கள் அந்த அளவு இல்லை. ஆனால் பஞ்சாபில் ஆண்டுதோறும் சேற்றுழவு நெல், அடுத்து கோதுமை என்று ஓடியதில் கலப்பைக்குக் கீழே தட்டு உருவாகியிருக்கிறது. நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கித் தந்த அதே தட்டு, கோதுமை வேரைக் கீழே விடாது. அதை உடைக்க லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் சிசலர் உழவைப் பரிந்துரைக்கிறது. சிசலர் இழுக்க என்ன வேண்டும்? இன்னும் கனமான, இன்னும் சக்தியான டிராக்டர்.

சரி, போன் வந்தால் என்ன சொல்வது?

மாடல் பெயரைச் சொல்வதற்கு முன் திருப்பிக் கேளுங்கள். என்ன மண், நஞ்சையா புஞ்சையா, வருஷத்தில் எத்தனை நாள் கலப்பை, எத்தனை நாள் ரோட்டவேட்டர், எத்தனை நாள் டிரெய்லர்? ரோட்டில் லோடு இழுப்பதுதான் முக்கிய வேலை என்றால் எடையுள்ள வண்டி நல்லது, பிரேக் பிடிக்கும்போதும் அந்த எடைதான் காப்பாற்றும். நஞ்சை என்றால் லேசான வண்டியைப் பாருங்கள், காசு இருந்தால் போர் வீல் டிரைவ். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நில அளவு 1.08 ஹெக்டேர்தான். கோடையில் ஒருமுறை ஓட்டும் ஆழ உழவுக்காகக் கனமான வண்டியைச் சொந்தமாக வாங்குவதைவிட அந்த ஒரு வேலையை வாடகைக்கு விடுவது மலிவு என்பது என் கருத்து.

அடுத்து, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனத்தின் அறிக்கையைத் தேடுங்கள். மாடல் வாரியாகக் கிடைக்கும். முன் அச்சு, பின் அச்சு எடை தனித்தனியாக இருக்கும். வெயிட் மாட்டாமலும் மாட்டியும் 15 சதவீத வழுக்கல் வரம்புக்குள் எவ்வளவு இழுத்தது என்பதும் இருக்கும். கடின தளத்தில் எடுத்த எண் என்பதால் வயலில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் இரண்டு மாடல்களை ஒப்பிட இதைவிட நேர்மையான இடம் இல்லை.

வண்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சோதனை இன்னும் சுலபம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வயலில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு டயர் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை இறக்கி அதே 10 சுற்று. 36 வந்தால் 10 சதவீதம், நல்ல நிலை. 32 வந்தால் 20 சதவீதம், எடை போதாது அல்லது கலப்பை ஆழம் அதிகம். 39 வந்தால் தேவைக்கு மேல் எடை இருக்கிறது. டேப் இல்லையென்றால் டயர்த் தடத்தைப் பாருங்கள். பட்டன் அச்சு வார்த்தது போலத் தெளிவாக இருந்தால் எடை அதிகம், அச்சே இல்லாமல் மண் கலைந்து கிடந்தால் எடை குறைவு, நடுவில் கலைந்து ஓரத்தில் மட்டும் அச்சு தெரிந்தால் சரி.

எடையைக் கூட்டக் குறைக்கப் பெரிய செலவும் இல்லை. பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால், அளவைப் பொறுத்து டயருக்கு 200 கிலோ வரையோ அதற்கு மேலோ ஏறும். வால்வை மேலே வைத்து நிரப்ப வேண்டும், கீழே வைத்து இறக்க வேண்டும். ஒரு ஹோஸும் அரை நாளும் போதும். ஆனால் டெலிவரி அன்று நிரப்பிய தண்ணீர், கோடை உழவு, சேற்றுழவு, டிரெய்லர் என்று எல்லா வேலைக்கும் அப்படியே உள்ளே கிடக்கும் வண்டிகளை நிறையப் பார்க்கலாம். சித்தப்பா அடுத்த முறை போன் பண்ணும்போது, போன நடவுக்கு முன் டயர்த் தண்ணியை இறக்கினாரா என்று கேட்டுப் பாருங்க.